தோட்ட டிஸ்பென்சரிக்கு ஒரு மூச்சுப் பை



பிறந்த குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் கோளாறு இதயத்தில் இல்லை. நுரையீரலுக்குக் காற்று போகவில்லை. முகமூடி பொருத்திய, கையால் அழுத்தும் மூச்சுப் பையால் நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு ஊட்டினால் அநேகக் குழந்தைகள் தேறிவிடும். அப்படியும் துடிப்பு 60ஐத் தாண்டாவிட்டால்தான் நெஞ்சை அழுத்துவது: மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. தலைகீழாகத் தூக்கி முதுகில் அடிப்பதை இனியாவது விட்டுவிடுவோம்.

நமுனுகுல தோட்டங்களிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில், அதுவும் மழை இரவில் போகும்போது, பிள்ளை வழியிலேயே பிறந்துவிடலாம். 1990 என்ற எண்ணில் அழைக்கும் ஆம்புலன்ஸ் வந்து சேருமுன், மூச்சு ஊட்ட வேண்டிய முதல் நிமிடம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் அந்தப் பையும், அதைப் பிடித்துப் பழகிய கையும் இருக்க வேண்டும். பை மட்டும் அலமாரியில் கிடந்து பயனில்லை. குளிரும் துடிப்பைக் குறைக்கும். பிள்ளையைத் துடைத்து, தாயின் நெஞ்சோடு அணைத்துப் போர்த்த வேண்டும்.

துடிப்பு குறைய இன்னொரு காரணமும் உண்டு, அரிதானது. லூப்பஸ் போன்ற நோயுள்ள சில தாய்மாரின் எதிர்ப்பொருள்கள் சிசுவின் இதய மின்பாதையைப் பழுதாக்கும்; பிள்ளைக்குப் பேஸ்மேக்கர்கூடத் தேவைப்படலாம். அப்படிப்பட்டவர்கள் கிளினிக்கில் முதல் நாளே மருத்துவிச்சியிடம் சொன்னால், 16ஆம் வாரமளவிலிருந்தே ஸ்கேனில் துடிப்பைக் கவனிக்கலாம்.

ஒரு வாசகி,
நமுனுகுல