பாலைவனத்தில் ஒரு வற்றாத ஓடை

என் தங்கைக்குக் கலிஃபோர்னியாவில் இரண்டாவது பிரசவம். அம்மா இல்லாத குறை தெரியக்கூடாதென்று நான் உதவிக்குப் போயிருந்தேன். மூன்று மாதமாகியும் அவள் முகத்தில் களையே இல்லை. குழந்தை, பால், தூக்கம் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. "எங்கேயும் வரலேக்கா, விட்டுடுங்க" என்பாள். டாக்டர் அம்மா, "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் கொஞ்சம் வெளிக்காற்றில் நடக்க வையுங்கள்" என்றார்.

தங்கை வீட்டுக்காரர்தான் பிக் மொராங்கோ கான்யன் என்ற இடத்தைச் சொன்னார். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். 2016-ல் அறிவிக்கப்பட்ட 'சாண்ட் டு ஸ்நோ' தேசிய நினைவுப் பகுதியில் இதுவும் சேர்ந்தது. மத்திய அரசின் நிலத்துறை பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

மார்ச் மாதம், விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் மணல், பாறை, முள்செடி. 'இதிலே என்னத்தைப் பார்க்கப் போகிறோம்?' என்று எனக்குள் ஒரே சந்தேகம். உள்ளே போனால், அடேயப்பா! வானளாவிய காட்டன்வுட் மரங்கள், வில்லோ மரங்கள், கோரைப் புல், நடுவே சலசலவென்று ஓடை. வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்குமாம்!

பாலைவனத்தில் தண்ணீர் எப்படி வந்தது? சான் பெர்னார்டினோ மலையில் பெய்யும் மழையும், உருகும் பனியும் நிலத்துக்குள் இறங்கி வருகின்றன. இந்த இடத்தில் பூமிக்குள் ஒரு பிளவு இருக்கிறது. அங்குள்ள பாறை அணை மாதிரி குறுக்கே மறிப்பதால் நீர் மேலே கிளம்பி ஓடையாகிறது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மறுபடியும் மணலுக்குள் மறைந்துவிடுகிறது. நம்மூர் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

சதுப்பு நிலத்தின் மேலே மரப்பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். குழந்தையின் தள்ளுவண்டி தடங்கலில்லாமல் போயிற்று. இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்களை இங்கே பார்த்திருக்கிறார்களாம். குங்குமச் சிவப்பில் ஒரு சின்னப் பறவை கிளையிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதே கிளைக்கு வந்து உட்கார்ந்தது. "அக்கா, அங்கே பாருங்க!" என்று தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று மாதத்தில் அவளாக ஒன்றைக் காட்டிப் பேசியது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த மாதிரி இடத்துக்குக் கைக்குழந்தையோடு போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கோடைக்காலம் வேண்டவே வேண்டாம், வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, குடிநீர் தாராளமாக எடுத்துப் போக வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தால் போதும். தாய்தான் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். குழந்தையை நிழலிலேயே வைத்திருங்கள். குழந்தை வெகுநேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பாம்புகள் உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள். நாய்க்கு அங்கே அனுமதியில்லை.

ஒருநாள் ஓடையைப் பார்த்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மறுநாள் சாயங்காலம் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு, "தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாமாக்கா?" என்றாள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்றவள் வாரக்கணக்கில் வாடிக் கிடந்தால், 'உடம்பு அசதி' என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே, அரை மணி நேரம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைக் காற்றாட நடக்க விடுங்கள்.