டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டோம் சார்!

ஆடி பிறக்குறதுக்குள்ள பால் காய்ச்சிடணும். எங்க வீட்டுல மட்டும் இல்ல, வாடகை வீடு மாறுற பாதி சென்னைக்கும் இதுதான் கணக்கு. அதனால ஆனி கடைசியில குட்டியானை கிடைக்காது, சாமான் ஏத்த ஆள் கிடைக்காது. நெட் கனெக்‌ஷன் மாத்தித் தர ஆளும் கிடைக்க மாட்டார் என்பது இந்த வருஷம்தான் எனக்குத் தெரிஞ்சது.

குரோம்பேட்டையிலிருந்து சேலையூருக்கு மாறினோம். மிஞ்சிப்போனா ஏழு கிலோமீட்டர். ஃபிரிட்ஜ், பீரோ, அம்மாவோட ரோஜாச் செடித் தொட்டிகள் எல்லாம் ஒரே நாள்ல வந்து சேர்ந்துச்சு. நெட் வந்து சேர 17 நாள் ஆச்சு. ஆடி மாசத்துல ரெண்டு வெள்ளிக்கிழமை கூழ் ஊத்தி முடிச்சிட்டாங்க, எங்க வீட்டு ஓஎன்டி பெட்டியில சிவப்பு லைட் மட்டும் அணையவே இல்ல.

"நெட் இல்லன்னா என்ன, ரெண்டு வாரம் ரீல்ஸ் பாக்காம படிங்கடா"ன்னு கேக்குற பெரியவங்களுக்கு ஒரு விஷயம். இது என் ரீல்ஸ் பிரச்சினை இல்ல. எங்க அக்கா மெடிக்கல் கோடிங் வேலையில சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. வீட்டிலிருந்தே வேலை, ப்ரொபேஷன் காலம். காலையில எட்டு மணிக்கு விபிஎன்-ல லாகின் ஆகலன்னா அன்னைக்கு லீவுக் கணக்கு. புது வீடு தரைத்தளம், ரெண்டு பக்கமும் மூணு மாடி கட்டடம். மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஒரு கோடுதான் காட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விபிஎன் அறுந்துபோகும். அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பல்லாவரத்துல பெரியம்மா வீட்டுக்குப் போய் உக்காந்து வேலை பார்த்தா. அதுவும் முடியாத நாள் ஆறு. அந்த ஆறு நாளும் சம்பளம் பிடிச்சாங்க.

சரி, நடந்ததைச் சொல்றேன். வீடு மாறுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆப்ல 'ரீலொகேஷன்' கோரிக்கை போட்டேன். புது பின்கோடைப் போட்டதும் "உங்கள் பகுதியில் சேவை உண்டு"ன்னு பச்சை டிக் காட்டுச்சு. ஷிஃப்டிங் சார்ஜ் 500 ரூபாய் கட்டினோம். 48 மணி நேரத்துல ஆள் வருவார்னு சொன்னாங்க. மூணாவது நாள் ஆள் வரல, எஸ்எம்எஸ் வந்துச்சு: உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?

கஸ்டமர் கேருக்கு போன் போட்டா, பதிவு செஞ்ச நம்பரை வச்சு அந்த மெஷினே நம்மள அடையாளம் கண்டுக்குது. "உங்கள் இணைப்பில் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது, ரவுட்டரை ஒருமுறை அணைத்து இயக்கவும்." அந்த நேரத்துல ரவுட்டர் அட்டைப்பெட்டிக்குள்ள, இட்லித் தட்டுக்கும் குக்கருக்கும் நடுவுல இருந்துச்சு. அணைக்கிறதுக்கு முதல்ல அதைத் தேடணும்.

இதுக்கு மேல ஒரு காமெடி இருக்கு. பழைய வீட்டு லைன்ல சிக்னல் இல்லைன்னு மெஷினே கண்டுபிடிச்சு, தானா ஒரு புகார் டிக்கெட் போட்டு, டெக்னீஷியனை அனுப்பி வச்சிருக்கு. எங்கே? குரோம்பேட்டை வீட்டுக்கு! "சார், வீடு பூட்டியிருக்கே"ன்னு அவர் போன் பண்ணாரு. "அண்ணே, நாங்க சேலையூர் வந்துட்டோம்"னேன். "எனக்கு இந்த அட்ரஸ்தானே தம்பி காட்டுது, சேலையூர் என் ஏரியா இல்ல"ன்னு வச்சிட்டாரு. சாயங்காலம் எஸ்எம்எஸ்: வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் டிக்கெட் முடிக்கப்பட்டது. ஷிஃப்டிங் முடியுற வரைக்கும் சிஸ்டத்துல அட்ரஸ் மாறாது. அட்ரஸ் மாறாததால புது வீட்டுக்கு யாரும் வர முடியாது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிச்ச நமக்குத் தெரியும், இதுக்குப் பேரு டெட்லாக்னு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வேற எழுதுவோம்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? பெட்டியைத் தூக்கிட்டுப் போய் இன்னொரு இடத்துல சொருகினா வராதா? நானும் அப்படித்தான் நினைச்சேன். வராது. ஃபைபர் இணைப்புன்னா கம்பெனியிலிருந்து நம்ம வீட்டுக்குத் தனியா ஒரு கேபிள் வருதுன்னு அர்த்தம் இல்ல. ஓஎல்டி-ங்குற பெரிய பெட்டியோட ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு ஃபைபர் கிளம்பும். வழியில ஸ்ப்ளிட்டர்ல அது 32 ஆகவோ 64 ஆகவோ பிரியும். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் கிடையாது, சும்மா ஒளியைப் பங்கு போடும். ரெண்டாப் பிரிச்சா 3 டிபி போச்சு. 32 ஆப் பிரிக்கணும்னா அஞ்சு தடவை பாதியாக்கணும், அப்போ 15 டிபி குறைஞ்சபட்சம் போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும், மடங்கின கேபிள்லயும் கொஞ்சம் கொஞ்சம் போகும். வீட்டுப் பெட்டிக்கு வந்து சேர்ற ஒளி மைனஸ் 27 டிபிஎம் பக்கத்துல போச்சுன்னா இணைப்பு தள்ளாட ஆரம்பிக்கும். அதோட, நம்ம ஓஎன்டியோட சீரியல் நம்பர் எந்த ஓஎல்டி-ல எந்தப் போர்ட்டுல இருக்குன்னு பதிவாகியிருக்கும். ஏரியா மாறினா பழைய பதிவை நீக்கி, புது ஓஎல்டி-ல ஏத்தணும்.

ஆக, ஷிஃப்டிங்னா மூணு வேலை. தெருப் பெட்டியில காலி போர்ட் பாக்கணும், கேபிள் இழுக்கணும், சீரியல் நம்பரை மாத்திப் பதியணும். முதல் ரெண்டும் ஏரியா கான்ட்ராக்டர் ஆளோட வேலை, மூணாவது எங்கேயோ ஏசி ரூம்ல இருக்குறவர் வேலை. நடுவுல கால் சென்டர். மூணு பேருக்கும் மூணு டிக்கெட். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க டிக்கெட்டை நேர்மையா முடிச்சாலும் நம்ம வீட்டுக்கு நெட் வராம இருக்க முடியும். எங்களுக்கு நடந்தது அதுதான். மூணாவது நாள் 'வெற்றிகரமாக முடிக்கப்பட்டது', பழைய பதிவை நீக்கின வேலை!

17ஆவது நாள் ஒரு அண்ணன் வந்தாரு. தெரு பெட்டியைத் திறந்து பார்த்தா எட்டு போர்ட்டும் ஃபுல். அதுல ஒண்ணு, காலி பண்ணிட்டுப் போன யாரோ வீட்டோட லைன், ரெண்டு வருஷமா சும்மா சொருகியே கிடக்கு. அதை எடுத்துட்டு எங்களுக்குக் கொடுத்தாரு. காம்பவுண்டு சுவர் மேல உக்காந்துக்கிட்டு ஃபைபரை உரிச்சு, வெட்டி, ஸ்ப்ளைஸ் பண்ணி, பவர் மீட்டர்ல மைனஸ் 22 காட்டினதும்தான் இறங்கினாரு. முக்கால் மணி நேர வேலை. அம்மா கொடுத்த காபியைக் குடிச்சுக்கிட்டே அவர் சொன்னது இன்னும் என் காதுல இருக்கு: "புது கனெக்‌ஷன்னு போட்டிருந்தீங்கன்னா மறுநாளே வந்திருப்பேன் தம்பி. புதுசுக்குத்தான் எனக்கு காசு. ஷிஃப்டிங்குக்கு பெட்ரோலுக்கே பத்தாது."

என் கருத்து இங்கதான் ஆரம்பிக்குது. பழைய வாடிக்கையாளர் எல்லாருக்கும் கடைசி. ஏற்கெனவே காசு கட்டிட்டோம். நாங்க மே மாசமே ஆறு மாசத்துக்கு ஜிஎஸ்டியோட சேர்த்து 4,241 ரூபாய் கட்டியிருந்தோம். காசு அவங்க கையில இருக்கும்போது, நம்மள அவசரமாப் பார்க்க அவங்களுக்கு என்ன அவசியம்? வாடகை வீட்டுல இருக்குறவங்க ஆறு மாசம், ஒரு வருஷம்னு மொத்தமாக் கட்டாதீங்க. ஒரு மாசம் ஃப்ரீன்னு ஆசை காட்டுவாங்க. மாசாமாசம் கட்டுறவன்தான் "வேற கம்பெனிக்குப் போயிடுவேன்"னு சொல்ல முடியும். நாங்க சொல்ல முடியல. அப்பா ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாரு, அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு மரியாதையா "சரிங்க சார்"னு சொல்லிச்சு.

அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு நாள் கத்தியும் இருக்கேன். பெருமையாச் சொல்லல. நம்ம டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தங்க இதே மாதிரி சப்போர்ட் வேலையில இருக்காங்க. அவங்ககிட்ட இதைச் சொன்னப்போ, "டேய், எங்க ஸ்க்ரீன்ல 'எஸ்கலேட்'னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா யாருக்குப் போகும்னு எங்களுக்கே தெரியாது. கால் சீக்கிரம் முடிஞ்சுதாங்குறதைத்தான் பாப்பாங்க"ன்னாங்க. கத்துறதால அவங்க மாசக் கடைசி மார்க் குறையும், நம்ம லைன் வராது.

டிக்கெட்டை க்ளோஸ் பண்ற அதிகாரம் யாருக்கு இருக்கணும்? வாடிக்கையாளரோட ஓடிபி வாங்கித்தான் முடிக்கணும்னு வச்சிட்டா சரியாயிடும்னு பல பேர் சொல்றாங்க. எங்க கேஸ்ல அதுவும் நடந்துச்சு. ஒன்பதாவது நாள் ஒருத்தர் போன் பண்ணி, "சார், டைம் தாண்டினா எனக்கு ஃபைன் போடுவாங்க, ஓடிபி மட்டும் சொல்லிடுங்க, நாளைக்குக் காலையில முதல் வேலையா உங்க வீடுதான்"னாரு. அப்பா பாவம் பார்த்துச் சொல்லிட்டாரு. அந்த நாளை வரவே இல்ல. டிக்கெட் மட்டும் 'வாடிக்கையாளர் ஒப்புதலுடன்' முடிஞ்சது.

மனுஷன் சொல்றதை நம்ப வேண்டிய அவசியமே இல்லைங்குறதுதான் என் வாதம். லைன் வேலை செய்யுதான்னு ஓஎல்டிக்கே தெரியும். புதுப் போர்ட்டுல இந்த சீரியல் நம்பர் ஆன்லைன் வந்துச்சா, ஒளி எவ்வளவு டிபிஎம் வருது, எவ்வளவு நேரமா அறுபடாம நிக்குது, எல்லாம் அங்க ஏற்கெனவே பதிவாகுது. அந்த எண்ணைப் பார்த்து 24 மணி நேரம் நிலையா இருந்தாத்தான் ஷிஃப்டிங் டிக்கெட் க்ளோஸ் ஆகணும்னு ஒரு கண்டிஷன் எழுத நம்ம மூணாவது செமஸ்டர் பசங்களே போதும். பழைய வீட்டுல சிக்னல் போச்சுன்னு கண்டுபிடிச்சு ஆள் அனுப்பத் தெரிஞ்ச சிஸ்டத்துக்கு, புது வீட்டுல சிக்னல் வரலைன்னு கண்டுபிடிக்கத் தெரியாதா? தெரியும். கேக்கச் சொல்லி யாரும் எழுதல. அந்த கோடு எழுதுற இடத்துல நாளைக்கு நம்மள்ல சில பேர் உக்காந்திருப்போம். அதனாலதான் இதை இந்த இதழுக்கு எழுதுறேன்.

இந்த க்ளோஸ் வெறும் எரிச்சல் இல்ல, அதுதான் சாட்சி. நெட் வந்ததும் 17 நாளைச் சேர்த்துக் கொடுங்கன்னு கேட்டோம். "எங்க ரெக்கார்டுல மூணாவது நாளே முடிஞ்சிருக்கே சார்"னாங்க. அப்போதான் தேட ஆரம்பிச்சேன். 2012-ல டிராய் கொண்டுவந்த புகார் தீர்வு விதிமுறைப்படி, ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் நம்பர் கொடுக்கணும். தீர்வு திருப்தியா இல்லைன்னா அந்தக் கம்பெனிக்குள்ளயே இருக்குற மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட இலவசமாப் போகலாம், அவங்க 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். கஸ்டமர் கேர்ல இதை யாரும் தானா சொல்ல மாட்டாங்க. வெப்சைட்ல அடியில, கண்ணுக்குத் தெரியாத எழுத்துல இருக்கும். டிராய்க்கு நேரா எழுதிப் பிரயோஜனம் இல்ல, தனிப்பட்ட புகாரை அவங்க விசாரிக்கிறதில்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். டெலிகாம் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாமாங்குற பழைய சண்டையை 2022 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், விசாரிக்கலாம்னு முடிச்சு வச்சிருச்சு. கொடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா அங்க கட்டணமும் கிடையாது.

நான் மேல்முறையீடு போட்டேன். நல்ல வேளையா எஸ்எம்எஸ் ஒண்ணையும் அழிக்கல. மூணு 'முடிக்கப்பட்டது' ஸ்க்ரீன்ஷாட், சிவப்பு லைட் எரியுற பெட்டியைத் தேதியோட எடுத்த போட்டோ, குரோம்பேட்டை போன டெக்னீஷியனோட கால் விவரம், எல்லாத்தையும் வச்சேன். வீடு மாறப்போறவங்க இதை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைங்க. இன்னொண்ணு, அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி பின்கோடு பச்சை டிக்கை நம்பாம, அந்தத் தெருவுல பக்கத்து வீட்டுல எந்த நெட்னு ஒரு வார்த்தை கேளுங்க. தண்ணி எப்படி வரும்னு கேக்குறோம்ல, அது மாதிரிதான்.

பதினோராவது நாள் பதில் வந்துச்சு. மூணு நாள் போக மீதி 14 நாளை வேலிடிட்டியில சேர்த்திருக்காங்களாம். எங்க பிளான் கணக்குல அது 330 ரூபாய். ஷிஃப்டிங் சார்ஜ் 500 திரும்ப வராதாம், ஏன்னா ஷிஃப்டிங் முடிஞ்சிருச்சு. அக்காவோட ப்ரொபேஷனை ஒரு மாசம் நீட்டியிருக்காங்க. அந்த 500-க்கும் ஆறு நாள் சம்பளத்துக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமான்னு வீட்டுல பேச்சு ஓடிட்டிருக்கு. "330 ரூபாய் வந்துச்சுல்ல, விடுடா"ங்குறார் அப்பா. அக்கா மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் அவளுக்கு ஒரு காப்பி அனுப்பச் சொல்லி வாங்கி வச்சிருக்கா.