எரிதம்: எண்ணிக்கைக் குற்றமா, கருத்துக் குற்றமா?

உலகம் 'ஸ்பாம்' என்று சொல்வதைத் தமிழ் இணையம் 'எரிதம்' என்று பெயரிட்டுக்கொண்டது. பெயர் கிடைத்த அளவுக்கு அதன் இலக்கணம் நமக்குக் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. இலக்கியக் குழுக்களில் ஒரே காலை வணக்கப் படம் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. ஒரே நூல் விளம்பரம் வாரம் ஐந்து முறை வருகிறது. அதே குழுவில் ஒருவர், புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் தொகுப்பைக் கடுமையாக விமர்சித்து ஒரே ஒரு பதிவு எழுதுகிறார். குப்பையை அகற்ற வேண்டும் என்ற பேச்சு எழும்போது முதலில் வெளியேற்றப்படுபவர் பெரும்பாலும் இந்த விமர்சகராகத்தான் இருக்கிறார். காலை வணக்கங்கள் தங்கிவிடுகின்றன.

இரண்டையும் ஒரே கூடையில் போடுவதுதான் பிழை என்பது நம் தரப்பு. எரிதம் என்பது எண்ணிக்கையைப் பற்றிய குற்றம், கருத்தைப் பற்றியதன்று. இந்த வேறுபாட்டை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகக் கண்டுகொண்டவர்கள் உண்டு. அவர்கள் கதை நமக்குப் பாடமாகக் கூடியது.

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்டு, அடுத்த ஆண்டில் இயங்கத் தொடங்கியது யூஸ்நெட் என்னும் உரையாடல் வலை. தமிழர்கள் கூடிய 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்ற குழுவும் அதில் இருந்தது. யூஸ்நெட்டுக்கு உரிமையாளர் இல்லை. ஒரு கணினியில் இட்ட மடல் அடுத்த கணினிக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் பரவும். பெரும்பாலான குழுக்களில் மட்டுறுத்துநர் என்று எவரும் இல்லை. வாயிற்காவலன் இல்லாத அந்த வெளி ஒழுங்காக நடந்தது, வந்தவர்கள் அளவறிந்து பேசியதால்தான்.

1994 ஏப்ரல் 12 அன்று அந்த அளவு உடைந்தது. அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதியர் இருவர், அமெரிக்கக் குடியேற்ற அட்டைக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை, நிரல் ஒன்றின் துணையோடு 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் தனித்தனியே இட்டார்கள். விளம்பரம் சொன்ன செய்தியில் சட்டவிரோதம் ஏதுமில்லை. குடியேற்றம் பற்றிய ஒரு குழுவில் அது ஒருமுறை வந்திருந்தால் பெரிய குறையாகக் கொள்ளப்பட்டிராது. குற்றம் அதன் பெருக்கத்தில் இருந்தது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் இன்னொரு தொல்லையும் உச்சத்தில் இருந்தது. செர்தார் ஆர்ஜிக் என்ற பெயரில் இயங்கிய ஒரு கணக்கு, துருக்கி என்ற சொல் எங்கே தென்பட்டாலும் ஆர்மீனியர்களைப் பழித்து நீண்ட மறுமொழி இட்டது. ஆங்கிலத்தில் வான்கோழிக்கும் அதே சொல் என்பதால், விருந்துச் சமையலைப் பற்றிப் பேசியவர்களுக்கும் அந்த அரசியல் வசை போய்ச் சேர்ந்தது. இது விளம்பரமன்று, கருத்து. இதைத் தடுப்பது கருத்துரிமையைத் தடுப்பதாகுமா?

இக்கேள்விக்குத் தன்னார்வலர்கள் கண்ட விடைதான் நாம் போற்ற வேண்டியது. சேத் பிரைட்பார்ட் என்பவர் பெயரால் ஓர் அளவுகோல் உருவாயிற்று. ஒரு மடலின் ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குப் போயிற்றோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துக் கூட்ட வேண்டும். ஒன்பது குழுக்களுக்கு ஒரே பிரதி சென்றால் மதிப்பு 3. அப்படி ஏழு பிரதிகள் சென்றால் 21. நாற்பத்தைந்து நாட்களுக்குள் கூட்டுத்தொகை 20ஐ எட்டினால் மட்டுமே அது நீக்கத்தக்கது. மடலில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. வேத வாக்கியமானாலும் நீக்கலாம். வசையானாலும் ஒருமுறை வந்தால் நிற்கும். நீக்குகிற அதிகாரம் பெற்றவர்கள் தணிக்கையாளர்களாக மாறாமல் தம்மைத் தாமே கட்டிக்கொண்ட கயிறு இது.

நம் கீழ்பென்னாத்தூர்ப் பகுதியின் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமான சிந்தனையன்று. மடையிலிருந்து முறைவைத்து நீர் விடுகிறவர், யாருக்கு எவ்வளவு நேரம் என்பதைத்தான் கணக்கிடுவார். மணிலா பயிரிட்டவருக்குக் கூடுதல், நெல் பயிரிட்டவருக்குக் குறைவு என்று தீர்ப்புச் சொல்லப் புகுந்தால் அன்றே ஊர் இரண்டுபடும்.

தமிழிலக்கியம் பயின்ற நமக்குச் சங்கப்பலகை நினைவுக்கு வரலாம். தகுதியுடையார்க்கு மட்டும் இடங்கொடுத்ததாகப் புராணம் சொல்லும் பலகை அது. சிற்றிதழ் ஆசிரியர் அப்படித் தேர்ந்து வெளியிடுவது நியாயம். இதழுக்குப் பொறுப்பு அவருடையது. ஆனால் உரையாடற்குழு இதழன்று, திண்ணை. திண்ணையைப் பலகையாக்க முனைந்தால் எஞ்சுவது புகழுரை மட்டுமே.

இது வெறும் இலக்கியச் சண்டை அன்று என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக 2018இல் வாட்ஸப் குழுக்களில் வதந்தி பரவிக்கொண்டிருந்தது. மே 9 அன்று போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். அவர்களைக் கடத்தல்காரர்கள் என்றெண்ணிக் கூட்டம் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் காயமுற்றனர்.

பொய் ஒருமுறை சொன்னாலும் பொய்தானே, இங்கு எண்ணிக்கையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொய்யைப் பரப்புவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் அந்த வதந்தி வலிமை பெற்ற வழியைப் பார்க்க வேண்டும். ஒருவர் வந்து சொன்னால் 'யார் சொன்னது?' என்று கேட்கிறோம். அதே செய்தி உறவினர் குழு, ஊர்க் குழு, பள்ளி நண்பர் குழு என்று மூன்று திசைகளிலிருந்து வந்தால் மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டதாக மனம் கணக்கிடுகிறது. உண்மையில் சாட்சி ஒன்றுமில்லை. பிரதிகள் மட்டுமே உள்ளன. பிரதியைச் சாட்சியாகக் காட்டுவதே எரிதத்தின் மிகப் பெரிய கேடு.

நாடெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின், 2018 ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதபடி வரம்பு கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் நடைமுறையாயிற்று. பலமுறை கைமாறிய செய்திகளை ஒருவேளைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கினார்கள். அதன்பின் அத்தகைய முன்னனுப்பல்கள் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது. செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால் உள்ளே இருப்பதை நிறுவனம் படிக்க இயலாது. ஆகவே எண்ணிக்கையைத்தான் பிடிக்க முடிந்தது. யூஸ்நெட் தன்னார்வலர்கள் கொள்கையால் வந்தடைந்த இடத்துக்கு இவர்கள் கட்டாயத்தால் வந்து சேர்ந்தார்கள்.

நிறுவனம் இட்ட வரம்பு போக எஞ்சியது நம் பொறுப்பு. பொறுப்பாளர்கள் பலர் வழக்குக்கு அஞ்சி, நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிடுகிறார்கள். நிர்வாகியாக இருப்பதனால் மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் எடுத்தது. 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றமும் அவ்வாறே சொன்னது. பூட்டுவதற்கு அச்சம் இனிக் காரணமாகாது.

பூட்டுக்குப் பதிலாக மூன்று விதிகள் போதும் என்று கருதுகிறோம். ஒரே பதிவு மாதம் ஒருமுறைக்கு மேல் வரலாகாது. நூல் விளம்பரம், பொறுப்பாளர் எழுதியது உட்பட. இரட்டை அம்புக்குறியோடு வரும் முன்னனுப்பலை, மூலம் இன்னதென்று சொந்தச் சொற்களில் எழுதாமல் இடலாகாது. தாமே எழுதிய கருத்தை, அது எவ்வளவு கசந்தாலும், எரிதம் என்று பெயரிட்டு நீக்கலாகாது. இழிசொல்லுக்கும் மிரட்டலுக்கும் வேறு விதியும் சட்டமும் உண்டு; அவற்றை அந்தப் பெயராலேயே கண்டிக்கலாம்.

எண்ணிப் பார்க்கும் வேலை மாதம் ஒருவராக முறைவைத்து நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். யூஸ்நெட்டில் எரிதத்தை நீக்கிவந்தவர்கள் ஊதியமற்ற சிலர். 1998 ஏப்ரலில் அவர்களில் பலர் சலித்துப்போய் வேலைநிறுத்தமே செய்தார்கள். 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குழுமங்கள் யூஸ்நெட்டுடனான தொடர்பைத் துண்டித்தபோது சொல்லப்பட்ட காரணங்களுள் எரிதமும் ஒன்று. பழைய மடல்களைத் தேடிப் படிக்கலாம். அங்கிருந்து புதிதாக எழுத முடியாது. கடுமையான விமர்சனத்தால் எந்தக் குழுவும் அப்படி மூடப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.