கெடு என்றால் கெடு!

டீக்கடையிலே ஒரு டீ. சில்லறை இல்லையா? கவலையே இல்லை. செல்போனை நீட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யு.பி.ஐ. என்கிற இந்த ஏற்பாடு 2016-ல் வந்தது. ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து உண்டாக்கிய தேசிய பணப்பட்டுவாடா கழகம் போட்டுக் கொடுத்த பாதை இது.

பாதை நம்முடையது. வண்டி யாருடையது?

2024-ல் 100 பரிமாற்றம் நடந்தால் 80-க்கு மேல் இரண்டே ஆப் வழியாக நடந்தது. ஒன்று போன்பே, பெரும் பங்கு வால்மார்ட்டிடம். மற்றொன்று கூகுள் பே. இரண்டுக்கும் எஜமானர்கள் அமெரிக்காவில்!

இது சரியில்லை என்று கழகத்துக்கும் தெரியும். 'எவரும் நூற்றுக்கு 30-க்கு மேல் போகக் கூடாது' என்று 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. முதலில் கெடு 2022 கடைசி. அது 2024 கடைசி ஆயிற்று. அப்புறம் 2026 கடைசி ஆயிற்று!

கரண்ட் பில்லுக்கு நமக்கு இத்தனை தவணை தருவாங்களா? கெடு தாண்டினால் பீஸைப் பிடுங்கிவிட்டுத்தானே மறுவேலை!

திடீரென்று கட்டுப்படுத்தினால் ஜனங்கள் தவிப்பார்கள் என்று காரணம் சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனால், தள்ளிப்போடப் போட அவர்கள் பிடி இறுகுமா, தளருமா?

கடையில் எந்தக் கம்பெனி அட்டை இருந்தாலும் எந்த ஆப்பிலிருந்தும் பணம் போடலாம். ஆகவே, படிப்படியாகக் குறைக்க வழி இருக்கிறது. மனசுதான் வேண்டும்.

ஏழைக்கு ஒரு கெடு, பெரிய கம்பெனிக்கு ஒரு கெடுவா? நிறைவேற்ற முடியாத உத்தரவைப் போடாமலே இருந்திருக்கலாமே!