எனக்கும் முதுகெலும்பு உண்டு!

எனக்கு முதுகெலும்பு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வைத்திருக்கிறேன். பெரிய வெள்ளைக் கவரில், பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். சந்தேகப்படும் மேலதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம்.

விஷயம் இதுதான். ஆபீஸில் தண்ணீர் தீர்ந்துபோய், "யங்ஸ்டர்ஸ் யாராவது கேனைத் தூக்கி வைங்கப்பா" என்றார் மேனேஜர். நாற்பது வயதில் நான் எதற்கு எழுந்தேன் என்று இன்றுவரை புரியவில்லை. இருபது லிட்டர். இடுப்பில் 'மளுக்'. மூன்றாம் நாள் வலி வலது பக்கம் இறங்கித் தொடையைப் பிடித்தது.

பக்கத்து சீட் நண்பர் ஆபீஸின் ஆஸ்தான வைத்தியர். "எக்ஸ்ரேல எலும்புதான் சார் தெரியும். நேரா எம்.ஆர்.ஐ. போயிடுங்க."

முதல் பாதி சரி. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கைக் காட்டாது. சி.டி. அதே எலும்பை இன்னும் நுணுக்கமாகக் காட்டும். டிஸ்க், நரம்பு, தண்டுவடம் மூன்றையும் நன்றாகப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான். 'நேரா போகலாமா' என்ற இரண்டாவது பாதியை டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தெரிந்தவர் மூலம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

பெல்ட், வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு குகைக்குள் தள்ளினார்கள். தலைக்கு மேல் யாரோ ரோடு போடுகிற மாதிரி சத்தம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைப் பெரிய காந்தம் வரிசைக்குக் கொண்டுவருகிறது. ரேடியோ அலை அவற்றைத் தட்டிவிடுகிறது. பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை தரும் சிக்னல்தான் படம். ஒருவகைப் படத்தில் ஈரமுள்ள டிஸ்க் வெளுப்பாகவும், ஈரம் வற்றியது கறுப்பாகவும் தெரியும்.

என்னுடையது கறுப்பு. ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் டிஜெனரேஷன், பல்ஜ், இடது நரம்பு வேரைத் தொடுகிறது' என்று இருந்தது. டிஜெனரேஷன்! அன்று ராத்திரி தூக்கம் போச்சு. ஆபரேஷனுக்கு பி.எஃப்.பில் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து வயது மகள் கையை நீட்டியபோது, "அப்பாவால முடியாதும்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கையை மடக்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து இடது காலும் வலித்தது.

அதன்பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனேன். கவரை நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, படுக்கச் சொன்னார். ஒவ்வொரு காலாகத் தூக்கினார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். குதிகாலில் நடக்கச் சொன்னார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார். அப்புறம்தான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"வலி முதல்ல எந்தப் பக்கம் வந்துது?"

"வலது, சார்."

"ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?"

"...இடது."

"சுவர்ல காரை பெயர்ந்திருக்கு, நிஜம்தான். ஆனா ஒழுகறது வேற இடம்" என்று சிரித்தார். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல், 52 சதவீதத்தினருக்கு, டிஸ்க் புடைத்திருந்ததாம். 2015-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, வலி இல்லாத 3,110 பேரின் படங்களைச் சேர்த்துப் பார்த்தது. டிஸ்க் தேய்மானம் இருபது வயதிலேயே 37 சதவீதம், நாற்பதில் 68.

"படம் சொல்றதும் உங்க கால் சொல்றதும் ஒத்துப்போகணும். இங்கே ஒத்துப்போகலை. கால்ல பலம் சரியா இருக்கு. இது தசைப்பிடிப்பு. நடங்க, படுத்தே கிடக்காதீங்க. ஆறு வாரம் பார்ப்போம்."

"அப்ப எப்பத்தான் சார் ஸ்கேன் எடுக்கறது?"

சிரிப்பு நின்றது. "கால் பலம் குறைஞ்சு பாதம் இழுத்தா தள்ளிப்போடக் கூடாது. சைக்கிள் சீட்ல உட்கார்ற இடம் மரத்துப்போனா, சிறுநீர் அடைச்சா, தெரியாம போனா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. முதுகுவலியோட ஜுரம், காரணமில்லாத எடைக்குறைவு, முன்னாடி புற்றுநோய் வந்தவங்க, பலமா விழுந்தவங்க... இவங்களும் காத்திருக்கக் கூடாது. மத்தவங்க முதல்ல டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டணும், படம் அப்புறம்."

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேன்: "குழந்தையைத் தூக்கலாமா சார்?"

"வலி குறைஞ்சதும் தாராளமா. முழங்காலை மடக்கித் தூக்குங்க."

நாலாவது வாரம் தூக்கினேன். முழங்காலை மடக்கித்தான்.

இடது கால் வலியா? அது டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போதே போய்விட்டது.