செத்த பாம்பு என்று எண்ணாதே!



சின்ன வயசில் வேதாளக் கதை கேட்டிருப்பீர்கள். விக்கிரமாதித்தன் அதைப் பிடித்துத் தோளில் போட்டதும், 'அவ்வளவுதான், முடிந்தது' என்று நமக்குத் தோன்றும். அடுத்த நிமிஷமே அது மறுபடியும் முருங்கை மரத்தில் தொங்கும்! கதைதானே என்கிறீர்களா? நம்ம மதுரையிலேயே ஒரு வேதாளம் எழுந்து, பெரிய சாம்ராஜ்யத்தைச் சாய்த்திருக்கிறது.

மூன்றாம் குலோத்துங்க சோழன் 1178-ல் பட்டத்துக்கு வந்தவன். பாண்டிய நாட்டின் மேல் மூன்று முறை படையெடுத்தான். 1205-ஐ ஒட்டி நடந்த மூன்றாவது படையெடுப்பில் மதுரையைச் சூறையாடினான். பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்து, அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழ வைத்தான். மதுரையிலேயே வீராபிஷேகமும் செய்துகொண்டான். பிறகு நாட்டைப் பாண்டியனிடமே திருப்பிக் கொடுத்தான். 'இனி இவன் எங்கே எழுந்திருக்கப் போகிறான்' என்று நினைத்திருப்பான்!

எழுந்தான். 1216-ல் மதுரையில் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டுக்குள் புகுந்தான். தஞ்சையும் உறையூரும் தீயில் வெந்தன. சோழர்களின் மண்டபத்திலேயே அவனும் வீராபிஷேகம் செய்துகொண்டான்! போசளர் துணைக்கு வந்ததால் சோழனுக்கு நாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. 1231-ல் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். 1279-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் மூன்றாம் இராஜேந்திரன் தோற்றதோடு சோழப் பேரரசு முடிந்தது. வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் முதல் இடி விழுந்தது, 'முடிந்தது' என்று நினைத்த மதுரையிலிருந்து.

ராஜா கதை நமக்கு எதுக்கு? சொல்கிறேன்.

எங்க அப்பா கப்பலூர் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறார். எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். இரண்டாவது செமஸ்டரில் மேத்ஸில் அரியர் விழுந்தது. "எல்லாம் பாஸாய்யா?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றேன். ஒரு பேப்பர்தானே, அப்புறம் பாத்துக்கலாம் என்று புத்தகத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். மூன்றாவது செமஸ்டரில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பு. மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா கண்டுபிடிக்கணும். அங்கே எழுந்து நின்றது, நான் பரணில் போட்ட அதே இன்டெக்ரேஷன்! இப்போது அரியர் இரண்டு.

கேம்பஸ் இன்டர்வியூவில் "அரியர் இல்லாதவங்க மட்டும் உள்ளே வாங்க" என்றதும், வாசலிலேயே நின்றுவிட்ட சீனியர் அண்ணன்களை நாம் பார்த்ததில்லையா?

வினை, பகை இரண்டிலும் மிச்சம் வைத்தால், அணைக்காமல் விட்ட தீயைப் போல வளர்ந்து அழிக்கும் என்கிறார் வள்ளுவர். பகையை மிச்சம் வைத்தான் சோழன். வினையை மிச்சம் வைத்தேன் நான்.

போன வாரம் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மறுபடி எழுதலாம்ல?" என்றார்.

எழுதலாம். பரணிலிருந்து புத்தகத்தை இறக்கிவிட்டேன். நண்பா, உன் பரணில் என்ன இருக்கிறது?