"டென்சன் ஆகாதீங்க" என்பது சிகிச்சை அல்ல

ராஜபாளையம் நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் முடிச்சு, பகலில் மூணு மணி நேரம் தூங்கி, மறுபடி வட்டி கட்ட ஓடுறவரிடம் "டென்சன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்புவதில் என்ன பயன்?

மன அழுத்தத்தில் அட்ரினலினும் கார்டிசாலும் ஏறும். துடிப்பும் பிரஷரும் கூடும். வருசக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாய் பழுதாகும்.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு (2004) மாரடைப்பின் 9 முக்கியக் காரணிகளில் மன அழுத்தத்தையும் சேர்த்தது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர் இதய நோயால் இறக்கும் அபாயம், 35-40 மணி நேரம் உழைப்பவரை விட 17% அதிகம் என்றது உலக சுகாதார நிறுவனம் (2021).

ஆகவே ஓய்வு சொகுசு அல்ல, மருந்து.

முதலாளிகளே, தொடர்ந்து டபுள் ஷிஃப்ட் போடாதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரம் சமயத்தில் கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கும் உட்கார ஒரு ஸ்டூல், இடையில் ஓய்வு கொடுங்க.

வீட்டில் இருப்பவர்களே, நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்குறவரை ரேஷன் கடைக்கு எழுப்பாதீங்க.

தொழிலாளர்களே, பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அழுத்தத்துக்கு பீடியும் குவார்ட்டரும் மருந்தில்லை.

நெஞ்சை அழுத்தி வியர்த்தால் "கேஸ்"னு சோடா குடிச்சு நேரம் கடத்தாதீங்க. உடனே 108.